அரட்டையைப் பிரிக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒரே உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பில் ஒன்றாக இருந்த ஒன்பது பேர் நாங்கள். எல்லாருக்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது. சிங்கப்பூரில் ஈசூன், உட்லண்ட்ஸ், பிடோக் என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம். வேலையெல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் கூடுவோம். புதிதாக வந்த படம், வசந்தம் தொலைக்காட்சித் தொடர், படித்த புத்தகம், கணினியில் வந்த சிக்கல் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. தமிழில்தான் எழுதுகிறோம்.

சென்ற வாரம் ஒரு தோழி, தான் படித்த நூல்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கும் கோப்பில் 'கௌரி' என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை என்றாள். அதைச் சரிசெய்ய நள்ளிரவுவரை மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தோம். மறுநாள் எங்களில் ஒருவர், "கணினி பழுதுபார்க்க சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது. இனி இது இலக்கியக் குழுவாக இருக்கட்டும், தொடருக்கும் கணினிக்கும் தனிக் குழு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். பாதிப் பேருக்கு அது நியாயமாகப் படுகிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை, காரணம் சொல்லவும் தெரியவில்லை. புத்தகம் பற்றி எழுதுவது மூன்று பேர்தான் என்பதும் உண்மை. சிலர் இப்போது எழுதாமல் குரல் பதிவாக அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அதைத் தடுக்கலாமா?

அன்று தோழிக்குத் தீர்வு சொன்ன குறிப்பை, எழுதியவரிடம் கேட்டுக்கொண்டு இங்கே தருகிறேன்:

"நீ 'கெ' எழுதிப் பக்கத்தில் 'ள' போட்டிருக்கிறாய். கண்ணுக்குக் 'கௌ' போலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. முதலில் ஔகாரக் குறியைத் தனிக் குறியாகத் தட்டச்சு செய்யப் பழகு. பழையதைத் திருத்த, தேடி மாற்றும் வசதியைத் திற. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடாதே. மாற்றினால் கெளுத்தி மீன் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்று."

அன்புடன்,
ஈசூன் வாசகி

அன்புள்ள சகோதரி,

பிரிக்காதீர்கள். உங்கள் மனம் ஒப்பாததற்கான காரணம் நீங்கள் அனுப்பிய அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது.

அதை மறுபடி படித்துப் பாருங்கள். எதிரில் இல்லாத ஒருத்திக்கு, அவள் திரையைப் பார்க்க முடியாத ஒருவர், கையால் சுட்டிக்காட்ட வழியில்லாமல், எழுத்தை மட்டும் கொண்டு ஒரு காரியத்தைச் செய்ய வைக்கிறார். ஒரு சொல் தவறினால் தோழியின் பட்டியல் பாழாகிவிடும். கதை எழுதுகிறவன் ஒரு வாக்கியத்தில் தடுமாறினாலும் வாசகர் பெருந்தன்மையோடு கடந்துபோவார். செய்முறை எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழில் இப்படிப் பிசிறில்லாத செய்முறை உரைநடை அரிதாகவே கண்ணில் படுகிறது. மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளையோ மின்சாதனத்தோடு வரும் கையேட்டையோ தமிழில் படிக்க நேரும்போது எத்தனை முறை ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறோம்! உங்கள் நண்பரின் குறிப்பில் நான் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

அந்தக் கெளுத்தி மீனையும் கவனியுங்கள். 'மௌனம்', 'பௌர்ணமி', 'கௌரவம்' ஆகிய சொற்களை ளகரம் போட்டுத் தட்டச்சு செய்யும் பழக்கம் நம்மில் மிகப் பரவலாக இருக்கிறது. பல எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பாதியும் ளகரமும் ஒரே வடிவம் என்பதால் பிழை கண்ணில் படுவதே இல்லை, தேடும்போதுதான் தெரியவருகிறது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'கெளுத்தி'யோடு 'தெளிவு', 'வெள்ளம்' எல்லாமே உடையும். எங்கே மாற்ற வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதைத் தமிழ்ச் சொற்களை அறிந்த ஒருவர்தான் சொல்ல முடியும். அப்படியென்றால் அன்றிரவு நீங்கள் பேசியது கணினியா, தமிழா? எந்தக் குழுவில் அதைப் போடச் சொல்வார், பிரிக்கச் சொல்லும் உங்கள் நண்பர்?

இந்த ஊரில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. நா. கோவிந்தசாமி (1946-1999) நல்ல சிறுகதையாளர், ஆசிரியர். தமிழைக் கணினியிலும் இணையத்திலும் ஏற்றப் போராடியவரும் அவரே. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது அதன் தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் இருந்தது அவர் உழைப்பு. தமிழ் இணையம் குறித்த மாநாடு 1997இல் இங்கே நடந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கதை ஒரு குழு, கணினி ஒரு குழு என்று அவர் தன்னைப் பிரித்துக்கொண்டிருந்தால் நாம் இன்று இங்கே இவ்வளவு எளிதாகத் தமிழில் எழுதிக்கொண்டிருப்போமா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. 2010இல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. பேச்சின் நிலை இது. எழுத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. இங்கே பள்ளித் தேர்வு முடிந்த கையோடு பெரும்பாலானோரின் தமிழ் எழுத்தும் முடிந்துவிடுகிறது. அலுவலகம் ஆங்கிலம், வங்கி ஆங்கிலம், பிள்ளைகளின் பள்ளிக்கு எழுதும் மின்னஞ்சலும் ஆங்கிலம். ஐம்பது வயதுக்கு மேல், யாரும் மதிப்பெண் போடாத இடத்தில், கோபத்தையும் சந்தேகத்தையும் ஒரு நடிகரின் மீதான எரிச்சலையும் தினமும் தமிழில் எழுதுகிற ஒன்பது பேர் என்பது எனக்குப் பெரிய செய்தி. அந்த எழுத்தை ஓடவைப்பது புத்தகம் மட்டுமல்ல, தொடரும் படமும்தான். அவற்றை வெளியேற்றினால் மூன்று பேர் மிஞ்சுவார்கள், அவர்களும் சில மாதங்களில் ஓய்ந்துவிடுவார்கள்.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. எட்டாம் ஒளிவழியில் மாண்டரின் நிகழ்ச்சிகளுக்கு நடுவே தமிழுக்குக் கிடைத்த நேரத்துக்காகக் காத்திருந்த தலைமுறை நாம். 2008இல் வசந்தம் முழு ஒளிவழியானது. அதைப் பார்த்து, பார்த்ததைப் பேசுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

படங்களுக்கு ஒரு யோசனை. இந்திய நேரத்தைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் சில படங்களை இங்கிருப்பவர்கள் சென்னைக்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள். முதலில் பார்த்தவர் கதையைச் சொல்லாமல், தான் மறுபடி பார்க்க விரும்பும் ஒரு காட்சியையும் அதற்கான காரணத்தையும் நான்கு வரியில் எழுதட்டும். 'சூப்பர்', 'மொக்கை' என்பதைத் தாண்டிப் போக இந்த ஒரு பழக்கம் போதும். விமர்சனம் அந்தக் காரணத்தில்தான் பிறக்கிறது.

புத்தகத்துக்கு வருகிறேன். மூன்று பேர் மட்டும் எழுதுவதற்குக் காரணம் ஆர்வக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. படத்தை ஒரே வாரத்தில் எல்லாரும் பார்த்துவிடுகிறீர்கள், ஆகவே பேச முடிகிறது. ஒருவர் படித்த நாவலை மற்றவர் படித்திருக்க மாட்டார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். மாதம் ஒரு நாவல் என்று சட்டம் போட்டால் அது வீட்டுப்பாடமாகிவிடும். பத்துப் பக்கச் சிறுகதை ஒன்றை எடுங்கள். 1965 முதலான ஐம்பதாண்டுச் சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளைத் தன்னார்வலர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து 2015இல் மின்னூல்களாக்கின. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே அவற்றைத் திறந்து படிக்கலாம். நமக்குத் தெரிந்த பேட்டையும் காப்பிக்கடையும் வரும் கதை என்றால் அந்த ஆறு பேரும் தாமாக வாய் திறப்பார்கள்.

எழுதியதைச் சேமித்து வையுங்கள். எம்எஸ்என் மெசஞ்சர் 2013இலும் யாஹூ மெசஞ்சர் 2018இலும் போய்விட்டன. எடுத்து வைக்காதவர்களின் பேச்செல்லாம் அவற்றோடு போயிற்று. வாட்ஸ்அப் உரையாடலை வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்க அதிலேயே வசதி உண்டு. ஒரே தடவையில் எல்லாச் செய்திகளும் வராது. கடைசி 40,000 வரைதான் கிடைக்கும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துவிடுங்கள். மற்ற எட்டுப் பேரின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். நண்பர்களுக்குள் சொன்னதில் குடும்ப விஷயங்களும் இருக்கும்.

குரல் பதிவைத் தடுக்க வேண்டாம். கண் பார்வை மங்கியவருக்கும் கை வலிக்கிறவருக்கும் அது வேண்டும். மற்றவர்களிடம், எழுதினால் பிறகு தேடி எடுக்க முடியும் என்பதை மட்டும் சொல்லுங்கள். அடுத்த முறை யாராவது கணினிச் சிக்கலுக்குக் குரலில் தீர்வு சொன்னால், அதைக் கேட்டு எழுதிப் போடும் பொறுப்பைக் கெளுத்தி மீனைக் காப்பாற்றிய அந்த நண்பரிடம் கொடுங்கள். அவருக்கு என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.