பட்டனை அமுக்கினால் பேச்சே இல்லை: டெஸ்க்டாப் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே தொல்லையைப் பற்றியவை. கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. இனி எழுதுகிறவர்கள் அதோடு இன்னும் நான்கு விஷயம் சேர்த்து எழுதுங்கள். லைட் எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, பீப் சத்தம் வருகிறதா, திரையில் ஒரு எழுத்தாவது தெரிகிறதா? இந்த நான்கும் தெரிந்தால், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

சென்னையில் இருக்கிறோம். எட்டு மாதம் பூட்டியிருந்த வீட்டை, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காக வந்து திறந்தோம். இரண்டாம் கட்டு அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் உயிரே இல்லை, லைட்கூட எரியவில்லை. மதர்போர்டு போயிருக்கும் என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா? — கானாடுகாத்தான்

கொஞ்சம் பொறுங்கள். ஒரு லைட்கூட எரியாத பெட்டியைப் பார்த்து மதர்போர்டு போய்விட்டது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சுவரிலிருந்து தொடங்கிப் பெட்டியை நோக்கி வாருங்கள்.

அதே பிளக் பாயின்டில் ஒரு டேபிள் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓடினால் அடுத்த சந்தேகம் யு.பி.எஸ். மேல்தான். வீட்டு யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் அளவில் ஓர் ஈய-அமில பேட்டரி இருக்கும். சும்மா கிடந்தாலும் அதில் உள்ள சார்ஜ் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். முழுக்க இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. பேட்டரி செத்துவிட்டால் சுவரில் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆக மறுக்கும் யு.பி.எஸ். மாடல்கள் உண்டு. ஆகவே யு.பி.எஸ்.ஸை ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள்.

அப்போதும் அசையவில்லையா? பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள், மானிட்டரின் கேபிளும் பெரும்பாலும் அதே வகைதான். பெட்டியின் பின்புறம், பவர் கேபிள் செருகும் இடத்தில் இருப்பதுதான் எஸ்.எம்.பி.எஸ்., உள்ளே இருக்கும் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுப்பது. அதில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். அதில் கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆஃப். வீட்டைத் துடைத்தவர் கை பட்டு அது ஆஃப் ஆகியிருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பழைய எஸ்.எம்.பி.எஸ். என்றால் பக்கத்திலேயே 115 / 230 என்று சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளி ஆன் செய்தால் எஸ்.எம்.பி.எஸ். வெடித்துவிடும்.

பூட்டிக்கிடந்த வீடு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். ஓட்டைகள் வழியே பல்லி உள்ளே போய்விடும், எலி வயரைக் கடித்து வைக்கும். நாற்றமோ, கருகிய கறையோ, எலிப்புழுக்கையோ தெரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் நீங்களே திறக்கவே திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் அளவு நேர்மின்சாரமாக, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் ஒன்றில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அதில் இருக்கும். கடையில் அவர் வேறொரு எஸ்.எம்.பி.எஸ். போட்டுப் பார்க்கட்டும். அதிலும் உயிர் வரவில்லை என்றால்தான் மதர்போர்டுப் பேச்சை எடுக்கலாம்.

ஊருக்குத் திரும்பும்போது யு.பி.எஸ். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

சி.பி.யூ. பெட்டியைத் தொட்டால் விறுவிறுவென்று ஷாக் அடிக்கிறது, டெஸ்டரும் எரிகிறது. சில நாள் ஆன் ஆகிறது, சில நாள் ஆவதில்லை. பழைய வீடு. — தேவகோட்டை

இதை நீங்கள் அவசரமாகக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்காக அல்ல, வீட்டில் இருப்பவர்களுக்காக.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலிலேயே மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்து எர்த்துக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு. வீட்டில் எர்த் சரியாக இருந்தால் அவற்றில் கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் அது போக இடமில்லாமல் பெட்டியின் தகரத்திலேயே நிற்கும். ஏறத்தாழ பாதி வோல்டேஜ், அதாவது 115 வோல்ட் அளவு காட்டும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விறுவிறுப்போடு விடுகிறது. ஆனால் டெஸ்டர் எரிவதை வைத்து இது கசிவா, வயர் தேய்ந்து ஃபேஸ் நேராகத் தகரத்தில் படுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை கம்ப்யூட்டரைப் போடாதீர்கள்.

நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முதலில் போட்டது மரச்சட்டத்தின் மேல் இரண்டே வயர் ஓடும் வயரிங். பிற்காலத்தில் மூன்று துளை சாக்கெட் மாட்டியிருப்பார்கள், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. நானே பல போர்டுகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். வந்தவரிடம் மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230 வந்தால், ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரல்–எர்த் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

யாராவது "போர்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கி விடுகிறேன், ஷாக் நின்றுவிடும்" என்றால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஷாக் நிற்கும்தான். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் வயர் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் பெட்டியின் தகரத்துக்கு வந்துவிடும், தொட்டவர் உயிர் போகும்.

சரியான வழி எர்த் குழிதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை உடைக்க வேண்டியதில்லை. பின்கட்டுக்கு வெளியே, கிணற்றடி மாதிரி ஈரம் நிற்கும் இடத்தில் குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, அங்கிருந்து தனி வயர் இழுத்துவரலாம். நம் செம்மண் கோடையில் சுருக்கெனக் காய்ந்துவிடும், காய்ந்த மண்ணில் எர்த் வேலை செய்யாது. சித்திரை, வைகாசியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் இல்லாததால் மட்டும் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போகாது. சில நாள் ஆகிறது, சில நாள் ஆவதில்லை என்றால் அதே போர்டில் நியூட்ரல் லூஸாக இருக்கலாம். திறக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அரிசி ஆலை அலுவலகம். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, அப்புறம் தானாக அணைந்துவிடுகிறது. — புதுவயல்

எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்பதுதான் முக்கியம். ஐந்து பத்து நிமிடம் ஓடி அணைந்தால் சூடு. ஆலையின் தவிட்டுத்தூசி பிராசசர் மேல் சூட்டை இழுத்து வெளியேற்ற வைத்திருக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் கம்பளிபோல அப்பியிருக்கும். பெட்டியை வெளியே வராண்டாவுக்குக் கொண்டுவந்து பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுற்றவிட்டால் ஃபேன் கெட்டுவிடும். ஈரத்துணி கூடவே கூடாது. பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் பயறளவு புதிதாக வைக்க வேண்டும்.

ஒன்றிரண்டு நொடியிலேயே அணைந்தால் அது சூடு அல்ல. எங்கோ ஷார்ட், அல்லது பிராசசர் பக்கத்தில் செருகும் 4 பின் அல்லது 8 பின் பவர் வயர் சரியாக உட்காரவில்லை.

ஆலையில் இருக்கும் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை ஊதிவிடுங்கள்.

லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. பீப் பீப் என்று விடாமல் கத்துகிறது. புராஜெக்ட் முடிக்க வேண்டும் சார்! — காரைக்குடி, கல்லூரி மாணவி

பயப்படாதீர்கள் தங்கச்சி, அநேகமாக ராம்தான், அதாவது மதர்போர்டில் நீளமாகச் செருகியிருக்கும் நினைவகப் பட்டை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடித்து, மிச்சமிருக்கும் கரண்டை வடிய விடுங்கள். பெட்டியின் தகரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ராமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரு பக்கமும் கிளிக் என்று கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பீப் சத்தத்தின் பொருள் மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும், அதை மட்டும் நம்பிப் புது ராம் வாங்காதீர்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் செருகியிருக்க வேண்டும்.

ஆன் செய்தால் எஃப்1 அமுக்கச் சொல்கிறது, தேதி பல வருடம் பின்னால் போகிறது. — பள்ளத்தூர்

மதர்போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேட்டு வாங்குங்கள், 3 வோல்ட் லித்தியம் செல். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் காரைக்குடி உங்களுக்குப் பக்கம். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊர் அது, அங்கே இந்தச் செல் பிரபலக் கம்பெனி பெயரிலேயே கிடைக்கும். போலியை வாங்காதீர்கள். மாற்றுவதற்கு முன் பயாஸ் திரையில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ஹார்டு டிஸ்க் பற்றிய அமைப்புகளை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். செல்லை மாற்றியதும் அவை கம்பெனியில் வைத்த அமைப்புக்கே திரும்பி, விண்டோஸ் திறக்காமல் போகலாம்.

ஐப்பசி இடியில் பிளக்கைப் பிடுங்கிவைத்தும் கம்ப்யூட்டர் போய்விட்டது. எப்படி? — செக்காலை

இன்டர்நெட் கேபிள் செருகியே இருந்ததா? மின்னல் அந்த வழியாகவும் வரும். ரவுட்டரின் பிளக், லேன் கேபிள் இரண்டையும் பிடுங்குங்கள்.

எனக்கு 68 வயது. ஐயா பர்மாவில் இருந்தபோது எடுத்த படங்களைப் பேரன் ஸ்கேன் செய்து இந்தக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருக்கிறான். இப்போது ஆன் செய்தால் டிக் டிக் என்று சத்தம், திரையில் ஏதோ ஆங்கிலத்தில் டிஸ்க் இல்லை என்று வருகிறது. நாலைந்து முறை போட்டுப் பார்த்துவிட்டேன். — கோட்டையூர் ஆச்சி ஒருவர்

ஆச்சி, இனி ஒருமுறைகூடப் போடாதீர்கள்.

சத்தம் இல்லாமல் அந்த எழுத்து மட்டும் வந்திருந்தால், பென் டிரைவ் செருகியபடி இருக்கிறதா, டிஸ்க்கின் கேபிள் நழுவியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும். டிக் டிக் என்பது வேறு. டிஸ்க்கின் உள்ளே தட்டைப் படிக்கும் ஊசிமுனை போன்ற ஹெட் தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது தட்டை உரசக்கூடும், உரசிய இடத்தில் இருந்த படம் திரும்ப வராது. பல வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒருவர் கொண்டுவந்த டிஸ்க்கை, இன்னும் ஒருமுறை பார்ப்போமே என்று நான் ஆன் செய்தேன். அத்தோடு அது நின்றுவிட்டது. அவருடைய அப்பாவின் படங்கள் அதில் இருந்தன. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

டிஸ்க்கை மட்டும் கழற்றி, மெத்தென்ற துணியில் சுற்றி வையுங்கள். தகவல் மீட்பு மட்டுமே தொழிலாகச் செய்கிறவர்கள் சென்னை, பெங்களூரில் இருக்கிறார்கள், பேரனிடம் கொடுத்தனுப்புங்கள். யாராவது ஃபார்மேட் செய்து விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள், படங்களின் மேலேயே எழுதிவிடுவார்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்பதையும் கேட்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். மூலப் படங்கள் வீட்டில் எந்தப் பெட்டகத்திலாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இருந்தால் மீண்டும் ஸ்கேன் செய்வது மீட்புச் செலவைவிடக் குறைவாகவே ஆகும்.

பேரன் வரும்வரை அந்தக் கம்ப்யூட்டரின் பிளக் சுவரில் இருக்க வேண்டாம் ஆச்சி.