விடியும்போதே அசதி, தொட்டதுக்கெல்லாம் கோபம்: 46 வயதில் ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயசு. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். கல்யாணம் ஆன நாள்லேருந்து பீடி சுத்துறேன். ஒரு வருஷமா காலையில எந்திரிக்கும்போதே உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. மாசவிலக்கு முன்னப்பின்ன வருது. வந்தா எட்டு நாள், கட்டி கட்டியா போகுது. ராத்திரி திடீர்னு வேர்த்து முழிப்புத் தட்டிருது. பிள்ளைகள்ட்ட எரிஞ்சு விழுதேன், அப்புறம் தனியா இருந்து அழுதேன். கோட்டி பிடிச்சிருமோன்னு பயமா இருக்கு. காலையில பழையது, இடையில நாலஞ்சு டீ, மதியம் சோறும் குழம்பும், ராத்திரி மிஞ்சுனது. "வயசானா அப்படித்தான், உளுந்தங்களி கிண்டித் தின்னு"ன்னு அத்தை சொல்லுதாங்க. பக்கத்து வீட்டு அக்கா ஒரு சத்துப் பவுடர் வாங்கச் சொல்லுதாங்க. என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்களுக்குக் கோட்டி ஒன்றும் பிடிக்கவில்லை. அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, "எட்டு நாள், கட்டி கட்டியா" என்ற வரி. மாதா மாதம் இவ்வளவு ரத்தம் போனால், சாப்பாட்டில் கிடைக்கும் இரும்புச்சத்து அதை ஈடுகட்டாது. ரத்தம் குறைந்தால் அசதி, மூச்சு வாங்குதல், படபடப்பு, தலை கிறுகிறுப்பு, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் எல்லாம் வரும். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. இவ்வளவு பேருக்கு இருப்பதால்தான் இதை நோய் என்று யாரும் நினைப்பதில்லை. "பொம்பளைக்கு அசதி இருக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுகிறார்கள். அதை நீங்களும் நம்பிவிடாதீர்கள்.

ஆகவே சமையலுக்கு முன்னால் பரிசோதனை. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், முடிந்தால் வைட்டமின் பி12. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டு குறைந்தாலும் இதே அசதி, இதே மன வாட்டம், இதே அதிக உதிரப்போக்கு வரும் என்பதால் அதை விட்டுவிடக்கூடாது. கை கால் விரல்களில் எறும்பு ஊர்வது போல இருந்தால் பி12 குறைவாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பாதிப் பரிசோதனைகள் இலவசமாக முடிந்துவிடும். உங்கள் பக்கத்திலேயே முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கான மருத்துவமனை இருக்கிறது. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். கர்ப்பப்பையைப் பார்க்க வயிற்று ஸ்கேன் வேண்டும். அதைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் எடுக்கலாம்.

ராத்திரி வேர்த்து எழுவதும், தேதி தவறி வருவதும், மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்தின் அறிகுறிகள். நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டியே அது நிற்கிறது. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மறுநாள் மனசும் கெடும். பிள்ளைகளிடம் எரிந்து விழுவது உங்கள் குணக்கேடு இல்லை. உங்கள் வீட்டுக்காரரிடமும் மூத்த பிள்ளையிடமும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்தால்தானே அனுசரித்து நடப்பார்கள்.

இனி சாப்பாடு. உங்கள் அத்தை சொன்னது நல்ல யோசனைதான். தொலி உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, கொஞ்சம் பச்சரிசி சேர்த்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் கட்டி விழாமல் கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி இறக்குகிற களியில் புரதமும் தெம்பும் உண்டு. வாரம் இரண்டு நாள் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் சர்க்கரை இருப்பது தெரிந்தால் கருப்பட்டியும் சீனியைப் போலத்தான் ரத்தத்தில் ஏறும். அப்போது உப்புப் போட்டுக் கிண்டிக்கொள்ளுங்கள். கருப்பட்டியில் இருக்கிற இரும்புச்சத்தை மட்டும் நம்பி ரத்தசோகையைக் குணமாக்க முடியாது என்பதையும் அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பழையதையும் விடவேண்டாம். கூட என்ன வைத்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஊறுகாயும் மோர்மிளகாயும் மட்டும் என்றால் பதினொரு மணிக்குள் கண் இருட்டும். ஒரு அவித்த முட்டை, அல்லது காணத்துவையல் (கொள்ளுத் துவையல்), அல்லது வறுத்த நெத்திலிக் கருவாடு, தினமும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 45 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. சோறும் குழம்பும் மட்டும் சாப்பிட்டால் அந்த அளவு தேறாது. வண்டியில் மீன் வரும்போது சாளை வாங்குங்கள். விலையும் குறைவு, பி12, வைட்டமின் டி, நல்ல கொழுப்பு மூன்றும் அதில் உண்டு. ஆட்டு ஈரல் மாதம் ஒன்றிரண்டு முறை போதும். கொல்லையில் முருங்கை நின்றால் அந்தக் கீரையைப் பாசிப்பருப்புப் போட்டுத் துவட்டி, இலையில் எலுமிச்சம்பழம் பிழிந்து சாப்பிடுங்கள். புளியங்குடிக்காரர்கள் புண்ணியத்தில் நம் பக்கம் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. அந்தப் புளிப்பு, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவைக்கும்.

டீ அதற்கு நேர் எதிர். சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ, சாப்பாட்டில் இருந்த இரும்பைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு டீயிலேயே பசியை அடக்கி வேலை பார்க்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆயிரம் பீடி முடிக்கவேண்டிய அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நாலஞ்சை இரண்டாகக் குறையுங்கள், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயே வேண்டாம், மாலை நாலு மணிக்குப் பிறகும் வேண்டாம். இரவுத் தூக்கத்துக்கு அது உதவும். பதினொரு மணிக்கு டீ குடித்த இடத்தில் ஒரு கை வறுகடலையோ அவித்த சிறுபயறோ இருக்கட்டும். தட்டை இறக்கி வைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். புகையிலைத் தூளில் உள்ள நிகோடின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகிறது. முடிந்தவரை திண்ணையில், காற்றோட்டமாக உட்கார்ந்து சுற்றுங்கள்.

இன்னொன்று: எல்லாருக்கும் கடைசியில், மிஞ்சியதைச் சாப்பிடுகிறீர்கள். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. எல்லாரோடும் சேர்ந்து உட்காருங்கள். முட்டை நாலுதான் இருந்தால் அதில் ஒன்று உங்கள் தட்டில் இருக்கட்டும்.

மணிக்கு ஒருமுறை எழுந்து முற்றத்தில் இரண்டு சுற்று நடங்கள். பீடிக்கடைக்குப் போகும்போது யாராவது வண்டியில் கூப்பிட்டாலும் நடந்தே போங்கள். வெயில் பட்டாலும் வைட்டமின் டி கிடைக்கும். சத்துப் பவுடருக்கு வைத்திருக்கிற பணத்தில் முட்டையும் பயறும் வாங்குங்கள்.

ரத்தசோகை உறுதியானால் இரும்புச்சத்து மாத்திரை கண்டிப்பாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருவார்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிறு புரட்டினால் சாப்பிட்ட பிறகு போடுங்கள், அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பத்து நாளில் தெம்பு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் இருப்பு நிரம்பும்.

அழுகையும் எதிலும் பிடிப்பில்லாமையும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால், அல்லது "இருந்து என்ன பிரயோசனம்" என்று தோன்றினால், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

45 வயதுக்கு மேல் உதிரப்போக்கு இப்படி மாறினால், ஸ்கேனோடு கர்ப்பப்பையின் உள்சவ்வில் சிறு மாதிரி எடுத்துப் பார்க்கவும் சொல்வார்கள். பெரும்பாலும் நார்க்கட்டியோ ஹார்மோன் கோளாறோதான் இருக்கும். புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான் அந்தப் பரிசோதனை, மறுத்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு துணி நனைகிற அளவுக்குப் போனாலோ, மயக்கம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அப்படி இல்லையென்றாலும் இந்த வாரம் தாண்டவேண்டாம். துணைக்கு மகளையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிப் போங்கள். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.