ராத்திரி ஓடிய லேப்டாப் காலையில் ஆன் ஆகவில்லை: கடைக்குக் கொண்டுபோகும் முன் என்ன பார்க்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: பல்லடம் பக்கம் வீடு, ஒட்டியே தறிக்குடோன். ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. காலையில் மகளின் காலேஜ் லேப்டாப்பில் பட்டனை அமுக்கினால் ஒன்றுமே இல்லை. கடைக்குப் போன் போட்டால் 'மதர்போர்டு போயிருக்கும், மாத்துறதுக்குப் புதுசே வாங்கிக்கலாம்' என்கிறார்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவன். கண்ணால் பார்க்காமல் போனிலேயே போர்டைக் குறை சொல்லும் கடைக்கு அதை அனுப்ப வேண்டாம். அது உண்மையாகவே போர்டாக இருக்கலாம், ஆனால் அதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில், 'ஆன் ஆகவில்லை' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்வது மூன்று வேறு வேறு கோளாறுகள். ஒன்று, விளக்கும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. இரண்டு, விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் மட்டும் கருப்பு. மூன்று, கம்பெனி லோகோ வருகிறது, அதற்கு மேல் போகவில்லை. மூன்றாவது பெரும்பாலும் விண்டோஸ் அல்லது டிஸ்க் சமாச்சாரம், உங்களுடையது அதுவல்ல. முதலாவதா இரண்டாவதா என்று பார்க்க கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கிறது, படம்தான் வரவில்லை.

விளக்கே இல்லை என்றால் சார்ஜரில் தொடங்குங்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: அன்று ராத்திரி வீட்டில் வேறு ஏதாவது போச்சா? டிவி, எல்ஈடி பல்பு, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்? இதை நான் எல்லோரிடமும் கேட்பேன். நம் பக்கம் சாயங்காலம் தறியும் மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது வோல்டேஜ் இறங்கி டியூப்லைட் சிமிட்டும். அதனால்தான் லேப்டாப் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள், இன்புட் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். 170 வோல்ட் வந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். ஆபத்து லோ வோல்டேஜ் அல்ல, அதிக வோல்டேஜ். நியூட்ரல் லூஸாகிவிட்டாலோ அறுந்துவிட்டாலோ 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400 வோல்டை நெருங்கி வந்துவிடும். அப்படி வந்த ராத்திரியில் ஒரு வீதியே சேர்ந்து அடிவாங்கும். உங்கள் வீதியில் அப்படி நடந்திருந்தால் சார்ஜர் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் சார்ஜர் தான் வெந்து லேப்டாப்பைக் காப்பாற்றிவிடும். எப்போதும் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

சார்ஜரை ஜங்ஷன் பாக்ஸில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். அதே பிளக்கில் போன் சார்ஜ் ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தறிக்கு வயரிங் பார்க்கிற எலக்ட்ரீசியன் அண்ணன் யாராவது வந்தால் அவர் கையில் மல்டிமீட்டர் இருக்கும். உருண்டைப் பின் சார்ஜர் என்றால் டிசி-யில் வைத்து உள்ளுக்கும் வெளிக்கும் அளக்கச் சொல்லுங்கள், 19 அல்லது 20 வோல்ட் வர வேண்டும். மீட்டரின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று படக்கூடாது. டெல் மாதிரி நடுவில் மெல்லிய ஊசி இருக்கும் சார்ஜரில் அந்த ஊசி வழியாகத்தான் லேப்டாப் 'இது நம்ம சார்ஜர்தானா' என்று தெரிந்துகொள்கிறது. ஊசி வளைந்தோ உடைந்தோ இருந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. டைப்-சி சார்ஜரை இப்படி அளக்க முடியாது. லேப்டாப்போடு பேசி முடித்த பிறகுதான் அது 20 வோல்ட் கொடுக்கும். போன் சார்ஜரைச் செருகி 'அதுவும் ஏறலைங்க' என்று சொல்வதிலும் அர்த்தமில்லை, பல போன் சார்ஜர்களுக்கு லேப்டாப்பைத் தூக்குகிற தெம்பு கிடையாது. அதே வாட் உள்ள இன்னொரு டைப்-சி லேப்டாப் சார்ஜரைக் கடன் வாங்கிப் பாருங்கள். லேப்டாப்பில் இரண்டு டைப்-சி ஓட்டை இருந்தால் இரண்டிலும் பாருங்கள், ஒன்று சார்ஜ் ஏற்றாததாக இருக்கலாம்.

சார்ஜரில் விளக்கு உள்ளவர்களுக்கு இன்னொன்று. சுவரில் செருகியதும் விளக்கு எரிகிறது, லேப்டாப்பில் செருகியவுடன் பட்டென்று அணைகிறது என்றால் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள். உள்ளே ஷார்ட் இருக்கலாம், சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை நிறுத்துகிறது. வேறொரு நல்ல சார்ஜரிலும் அதே கதை என்றால் இங்கேயே நிறுத்திவிட்டுச் சிப் லெவல் சர்வீஸ் செய்பவரிடம், அதாவது போர்டையே மாற்றாமல் அதில் கெட்டுப்போன சின்னப் பாகத்தை மட்டும் மாற்றுபவரிடம் போங்கள்.

சார்ஜர் நன்றாக இருந்தால் அடுத்தது பட்டன். கரண்ட் விட்டு விட்டு வந்த ராத்திரிக்குப் பிறகு நான் தவறாமல் செய்வது இது. சார்ஜர், பென் டிரைவ், மவுஸ், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 நொடி விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். சில மாடலுக்கு ஒரு நிமிஷம்கூட வேண்டும். பிறகு சார்ஜரை மட்டும் செருகிச் சாதாரணமாக ஒரு தட்டு. லேப்டாப்புக்குள் பவரைக் கவனித்துக்கொள்ளும் சின்னக் கன்ட்ரோலர் ஒன்று உண்டு. நாம் 'ஆஃப்' செய்தாலும் அது விழித்தே இருக்கும். அது குழம்பி நின்றுவிட்டால் பட்டனை நாம் அமுக்குவதே அதற்குத் தெரியாது. தேங்கிய மின்சாரம் வடிந்தால் அது முதலிலிருந்து தொடங்கும். 2011-ல் அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப் இன்னும் பல வீட்டில் பரணில் கிடக்கிறது. அந்தக் காலத்து மாடல் என்றால் அடியில் பேட்டரியைக் கழற்றிவிட்டே இதைச் செய்யலாம். இப்போது பேட்டரி உள்ளேயே இருக்கிறது. அதனால் சில ஏசர், லெனோவோ மாடல்களின் அடியில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை வைத்திருப்பார்கள், பக்கத்தில் பேட்டரி படமோ ரீசெட் என்றோ இருக்கும். பேப்பர் கிளிப்பை நீட்டி உள்ளே மெதுவாகச் சில நொடி அமுக்கினால் பேட்டரியைக் கழற்றி மாட்டியதற்குச் சமம். மைக் ஓட்டையில் குத்திவிடாதீர்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் சும்மா விடுங்கள். அடியோடு காலியான பேட்டரி உடனே பதில் சொல்லாது. அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்றும் கவனியுங்கள். உப்பியிருந்தால் சார்ஜில் போடவே கூடாது, அமுக்கவும் குத்தவும் கூடாது.

இரண்டாவது வகை, அதாவது ஓடுகிறது ஆனால் கருப்பு ஸ்கிரீன் என்றால், விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்குங்கள், கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். இருட்டில் போன் டார்ச்சைச் சாய்த்து ஸ்கிரீனில் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் ஸ்கிரீனுக்குப் பின்னால் எரியும் பேக்லைட்தான் போயிருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துப் படம் வந்தால் டிஸ்பிளே பக்கக் கோளாறு. எங்குமே படம் இல்லை, கேப்ஸ் லாக் விளக்கு ஒரு தாளத்தில் சிமிட்டுகிறது என்றால் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எழுதி வையுங்கள், எந்தப் பாகம் என்று லேப்டாப் சொல்லும் சைகை அது. நான் பார்ப்பதில் இதற்கு அடிக்கடி காரணம் ரேம்தான். கழற்றி, அதன் ஓரத்துப் பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் பல தடவை எழுந்துகொள்ளும். திறந்து பழக்கமில்லை என்றால் இதைக் கடையில் உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள்.

கரண்ட் போய் வந்ததில் இன்னொரு சாத்தியம் உண்டு. பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓட்டிக்கொண்டிருந்த லேப்டாப்பில் பயாஸ் (ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் பயாஸ் பாதியில் நின்றுவிடும். எச்பி என்றால் விண்டோஸ் கீயையும் பி-யையும் (B) பிடித்துக்கொண்டு பவர் பட்டனைச் சில நொடி அமுக்கினால் பல மாடல்களில் அது தானே சரிசெய்துகொள்ளும்.

தறிக்குடோன் ஒட்டி வீடு என்பதால் பஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேப்டாப் ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு படிந்து கம்பளி மாதிரி மூடிக்கொள்ளும். சூடு வெளியே போகாது, தானே அணைந்துவிடும், ஆறும் வரை எழாது. 'அரை மணி கழிச்சு வருதுங்ணா, திரும்பச் சாகுதுங்ணா' என்று யார் சொன்னாலும் பின்மூடியைத்தான் முதலில் திறப்பேன். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. புளோயர் அடித்தால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் கெடும். சித்திரை, வைகாசி இடிமழையில் சார்ஜரோடு நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள், அது வழியாகவும் அடி இறங்கும்.

இதெல்லாம் பார்த்தும் உயிர் வரவில்லை என்றால் கடைதான். கோவை காந்திபுரம் பக்கம் சிப் லெவல் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். 'போர்டு போச்சு' என்றால் எது போச்சு என்று கேளுங்கள்: சார்ஜிங் ஜாக்கா, பவர் ஐசியா, ஷார்ட்டா? ஜாக்கின் சால்டர் விட்டுப்போனது சின்ன வேலை, போர்டு மாற்றுவது பெரிய செலவு. மகளின் ப்ராஜெக்ட் ஃபைல் உள்ளே இருக்கிறது என்றால் 'ஃபார்மட் பண்ணக்கூடாது' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் தனியாகக் கழலும் மாடலாக இருந்தால் லேப்டாப் எழாவிட்டாலும் அதை யூஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கணினியில் ஃபைலை எடுக்கலாம். ஆனால் விண்டோஸ் தானாகவே பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருக்கலாம், அப்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலிருந்தே உள்ளே போய் அந்தக் கீ இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

மாடல் பெயரும், சார்ஜர் செருகும்போது லேப்டாப் ஓரத்தில் எந்த நிற விளக்கு எரிகிறது என்பதும் கீழே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.