காலை 9 மணி மேக்கப்பும் மாலை 7 மணி ரிசப்ஷனும்

அழகுப் பக்கம்: வாசகியர் கேள்வி, எங்கள் பதில்

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆபீஸ் முடிந்து வீட்டுக்குப் போய்க் கிளம்ப நேரம் கிடையாது. இருக்கிற மேக்கப்போடும் பின்னலோடும் நேராக மண்டபத்துக்குப் போயாக வேண்டும். இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: காலையில் போட்ட மேக்கப் மாலையில் மங்கிவிடுகிறது. ரெஸ்ட்ரூமில் அதன் மேலேயே இன்னொரு முறை ஃபவுண்டேஷனும் காம்பேக்ட்டும் போடுகிறேன். அரை மணி நேரத்தில் மூக்கோரமும் வாயோரமும் திட்டுத் திட்டாகிவிடுகிறது. விலை அதிகமான ஃபவுண்டேஷன் வாங்கினால் சரியாகுமா?
(வாசகி, தாம்பரம்)

பதில்: பணத்தை வீணாக்காதீர்கள். கோளாறு ஃபவுண்டேஷனில் இல்லை, அதைப் போடும் இடத்தில் இருக்கிறது. 8 மணி நேரத்தில் உங்கள் முகத்தில் வியர்வை, எண்ணெய்ப் பசை, தூசி மூன்றும் சேர்ந்திருக்கும். அதன் மேல் பவுடரை அழுத்தினால் அது எண்ணெயைக் குடித்து, பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும். பேசும்போதும் சிரிக்கும்போதும் மடியும் இடங்களில்தான் அது முதலில் வெடிக்கும். மாலை மேக்கப்பில் முதல் வேலை எடுப்பது. போடுவது அதற்குப் பிறகு.

டிஷ்யூ பேப்பரை இரண்டாகப் பிரித்தால் மெல்லிய ஒற்றை ஏடு கிடைக்கும். அதை நெற்றி, மூக்கு, தாடை, மேலுதட்டின் மேல்புறம் என ஒவ்வொரு இடத்திலும் 5 விநாடி அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் எண்ணெயோடு கீழே நன்றாக இருக்கும் மேக்கப்பும் கிளம்பி வரும். அடுத்து, ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, அதில் மிளகளவு மாய்ஸ்சரைசர் தொட்டு, வெடித்த இடங்களில் மட்டும் தட்டுங்கள். பழைய பூச்சு இளகிச் சமமாகும். அப்படியும் மூக்கோரம் சரிப்படவில்லை என்றால், மைசெல்லார் வாட்டரில் (மேக்கப்பை எடுக்கும் திரவம்) நனைத்த காட்டன் பட்ஸால் அந்த இடத்தை மட்டும் சுத்தமாகத் துடைத்து, ஒரு நிமிஷம் காய விடுங்கள்.

இப்போது ஃபவுண்டேஷன். முழு முகத்துக்கும் வேண்டாம். கன்னத்தின் வெளிப்பக்கமும் நெற்றியின் ஓரமும் பெரும்பாலும் காலையில் போட்டது போலவே இருக்கும். அங்கே கை வைக்காதீர்கள். துடைத்த இடங்களுக்கு அரைப் பட்டாணி அளவு போதும். க்ரீம் ப்ளஷ் போடுவதாக இருந்தால் பவுடருக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். பவுடர் மேல் க்ரீம் பட்டால் பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, கன்னத்தில் அறை வாங்கின மாதிரி தெரியும். பவுடர் ஏற்கெனவே இருக்கிறது, எடுக்க நேரமில்லை என்றால் பவுடர் ப்ளஷ்தான் வழி. கடைசியாக, பஃப்பை இரண்டாக மடித்து, நெற்றி நடுவிலும் மூக்கிலும் தாடையிலும் பவுடரை ஒற்றுங்கள்.

இவ்வளவுக்கும் 10 நிமிஷம். கண்ணுக்கு இன்னொரு 5 நிமிஷம்: இமையின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் பிரவுன் ஐ ஷேடோ, மேல் இமையில் மெல்லிய ஐ லைனர். பட்டுப்புடவை, நகை, பூ எல்லாம் இருக்கும் அன்று கண்ணை எடுப்பாக்கினால் உதட்டை அடக்கி வாசியுங்கள். உதட்டில் மெரூன் வேண்டுமா, கண்ணுக்கு மை மட்டும் போதும்.

மாலை பிழைப்பதும் கெடுவதும் காலையிலேயே முடிவாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சன்ஸ்க்ரீன் போட்ட கையோடு ஃபவுண்டேஷன் போடாமல் 10 நிமிஷம் விடுங்கள். ஃபவுண்டேஷன் முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். சிலிக்கான் வகை ப்ரைமர் (ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடும் பூச்சு) மேல் தண்ணீர் வகை ஃபவுண்டேஷன் போட்டால் இரண்டும் ஒட்டாமல், அழுக்கு உருட்டுவது போல உருண்டு உருண்டு வரும். இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும்.

கேள்வி: போட்டோவில் மட்டும் முகம் வெள்ளை வெளேரென்று, கழுத்து வேறு நிறமாகத் தெரிகிறது. கண்ணாடியில் பார்க்கும்போது அப்படி இல்லையே?
(வாசகி, திருச்சி)

பதில்: இது ஃபிளாஷ் வெளிச்சத்தின் வேலை. நிறமில்லாத பவுடர்களில் சிலிக்கா அதிகம் இருந்தாலும், சன்ஸ்க்ரீனில் ஜிங்க் ஆக்ஸைடோ டைட்டானியம் டையாக்ஸைடோ இருந்தாலும், ஃபிளாஷ் ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும். பகலில் சன்ஸ்க்ரீனை விடக் கூடாது, வெயிலில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். ஆனால் சூரியன் இறங்கிய பிறகு மண்டபத்துக்குப் போக அது எதற்கு? மாலையில் நிறமில்லாத பவுடரை விட்டுவிட்டு, உங்கள் தோல் நிறத்திலேயே உள்ள காம்பேக்ட்டைப் பயன்படுத்துங்கள். கிளம்பும் முன் விளக்கை அணைத்து, போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு செல்ஃபி எடுத்துப் பாருங்கள். மண்டபத்து போட்டோகிராபர் காட்டப்போவதை அது முன்கூட்டியே காட்டிவிடும்.

கழுத்து வேறாகத் தெரிவதற்கு ஃபவுண்டேஷனின் ஷேடும் ஒரு காரணம். கையின் பின்புறத்தில் தடவிப் பார்த்து வாங்குகிறோம். கையும் முகமும் ஒரே நிறமா? தாடை எலும்பும் கழுத்தும் சேரும் இடத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். 15 நிமிஷம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் தோல் எண்ணெய் பட்டதும் ஒரு சாயல் கறுக்கும். மாநிறத்துக்கு இளஞ்சிவப்புச் சாயல் உள்ளதைப் போட்டால் சாம்பல் பூத்தது போலாகும். மஞ்சள் அல்லது பொன் சாயல்தான் பெரும்பாலும் பொருந்துகிறது. கருவளையத்தின் மேல் நேராக வெளிர் கன்சீலர் போட்டாலும் அதே சாம்பல்தான். முதலில் கடுகளவு ஆரஞ்சு கரெக்டரைத் தட்டி நீலச் சாயலை அடக்கிவிட்டு, அதன் மேல் கன்சீலர் போடுங்கள்.

கேள்வி: ஸ்கூட்டியில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை அப்பளமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
(வாசகி, மதுரை)

பதில்: ஹெல்மெட்டுக்கு அடியில் எந்த அலங்காரமும் வேண்டாம். பஃப், கேட்ச் கிளிப், கொண்டை ஊசி எதுவும் கூடாது. அழகு ஒரு பக்கம், கீழே விழுந்தால் அந்த கிளிப்தான் மண்டையில் குத்தும்.

காலையில் தலை குளித்தால், முடி முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு பின்னலாகத் தளர்வாகப் பின்னுங்கள். பின்னல் பின்கழுத்திலிருந்து, ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே தொடங்கட்டும். ஈரமாக இருக்கும்போது இளகும் முடி காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும்; மாலையில் அவிழ்த்தால் கர்லிங் மெஷின் இல்லாமலே அலை அலையாக விழும். சொட்டச் சொட்டப் பின்னினால் மாலை வரை காயாது, வாடைதான் மிஞ்சும். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணியோ சாட்டின் ஸ்கார்ஃபோ கட்டிக்கொள்ளுங்கள். கன்னமும் தாடையும் ஹெல்மெட் ஸ்பாஞ்சில் உரசும் என்பதால் அந்த இடத்து மேக்கப்பை மண்டபத்துக்குப் போய்ப் போடுங்கள்.

இறங்கியதும் பின்னலை அவிழ்த்து, தலையைக் குனிந்து, விரல் நுனியால் வேர்ப்பகுதியைக் கிளப்பிவிடுங்கள். உச்சி முடியை மூன்று பகுதியாக எடுத்து, ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பிடித்து, வேரிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் சீப்பை வைத்து வேரை நோக்கி 3 முறை வாருங்கள். மேலாப்பில் இருக்கும் முடியை மட்டும் மென்மையாகப் படிய வாரி மூடிவிட்டால் அப்பளம் பூரியாகிவிடும்.

இனி கொண்டை. பின்கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, முறுக்கிச் சுற்றி, நுனியை அடியில் செருகுங்கள். கொண்டை ஊசியை நேராகக் குத்துவதால்தான் அது அரை மணியில் நழுவுகிறது. ஊசியின் நுனி வெளிப்பக்கம் பார்க்க, கொண்டையின் விளிம்பில் கொஞ்சம் முடியையும் அதை ஒட்டிய தலைமுடியில் கொஞ்சத்தையும் பிடித்து, அப்படியே திருப்பி, கொண்டையின் நடுவை நோக்கித் தள்ளுங்கள். 5 அல்லது 6 ஊசி இப்படிக் குத்தினால் சாப்பாட்டுப் பந்தி முடியும் வரை அசையாது. தட்டையான சிறு பின்னாக இருந்தால் நெளிவுள்ள பக்கம் தலையைப் பார்க்க வேண்டும். பலர் மாற்றித்தான் குத்துகிறார்கள்.

கேள்வி: தினமும் எண்ணெய் வைக்கிற தலை. திடீரென்று மாலையில் எங்கேயாவது கிளம்பினால் டிரை ஷாம்பு போடலாமா? ஒரு முறை போட்டதில் நரைத்த மாதிரி ஆகிவிட்டது.
(வாசகி, கோவை)

பதில்: டிரை ஷாம்பு பெரும்பாலும் ஸ்டார்ச். வேரில் சுரக்கும் பசையை உறிஞ்சும். தேங்காய் எண்ணெய் வைத்த தலையை அதனால் சமாளிக்க முடியாது. எண்ணெய் இல்லாத நாளில் போடுவதானால், வியர்வையை முதலில் ஃபேனில் காய வைத்து, 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, வகிடு வகிடாக வேரில் அடியுங்கள். 2 நிமிஷம் தொடாமல் விட்டு, விரலால் தேய்த்து, பிரஷ்ஷால் வாரினால் வெள்ளை போய்விடும். கிட்டப் பிடித்து அடித்ததும் உடனே வாரியதும்தான் நரைத்ததன் ரகசியம்.

எண்ணெய்த் தலையாக இருந்தால் அதோடு சண்டை போடாமல் நடுவகிடு எடுத்துப் படிய வாரி, தாழ்வாகக் கொண்டை போட்டுப் பூ வைத்துவிடுங்கள். பட்டுக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. அந்தத் தலையில் ஸ்ட்ரெயிட்னர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஈர முடியிலும் வேண்டாம்: உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி முடித் தண்டுக்குள் குமிழியிட்டு, அந்த இடத்தில் முடி முறியும். ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கொண்டைக்கு எத்தனை முழம் பூ வாங்க வேண்டும்? மத்தியானம் வாங்கினால் சாயங்காலம் வதங்கிவிடுகிறது.
(வாசகி, மயிலாப்பூர்)

பதில்: 10 செ.மீ. அகலக் கொண்டையை ஒரு சுற்றுச் சுற்ற 32 செ.மீ. போல ஆகும். ஒரு முழம் ஏறக்குறைய 45 செ.மீ. என்பதால் ஒரு முழத்தில் ஒரு சுற்று போக மிச்சம் இருக்கும். நிறைவாக இரண்டு சுற்று வேண்டுமானால் 2 முழம். (பூக்காரம்மா கை குட்டை என்றால் கூட அரை முழம் கேட்டு வாங்குங்கள்.) மல்லி மாலையில்தான் விரியும். மத்தியானம் விரிந்த பூ வாங்கினால் ரிசப்ஷனுக்குள் பழுத்துவிடும். இறுகிய மொட்டாகப் பார்த்து வாங்கி, ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசர் ஆகாது. கிளம்ப அரை மணி முன்னால் வெளியே எடுங்கள். ஹேர் ஸ்ப்ரே அடிப்பதாக இருந்தால் முதலில் அடித்து, காய்ந்த பிறகு பூ வையுங்கள். ஊசியைப் பூவில் குத்தாமல், கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே நாரில் கொடுத்துக் குத்துங்கள். வாசம் வேண்டாம், வதங்காமல் இருந்தால் போதும் என்பவர்களுக்குக் கனகாம்பரம்.

கேள்வி: 4 மணிக்கே கண் மை கீழே இறங்கிவிடுகிறது.
(வாசகி, சேலம்)

பதில்: கண்ணின் உள்மூலையை விட்டுவிட்டு, வெளிப்பக்க மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மை போடுங்கள். கண்ணீர் தேங்குவது உள்மூலையில்தான். அதற்கு முன் கண்ணுக்குக் கீழே லேசாகப் பவுடர். மைக்கு மேல், இமைமுடி வேரோடு சேர்த்துக் கறுப்பு ஐ ஷேடோவை மெல்லிய பிரஷ்ஷால் ஒற்றினால் பிடித்துக்கொள்ளும். மாலையில் இமைமுடியை ஒட்டிக் கொஞ்சமாகத்தான் இறங்கியிருக்கிறது என்றால் துடைக்காதீர்கள். பிரவுன் ஷேடோ தொட்டு வெளிப்பக்கமாக, மேல்நோக்கி இழுத்துவிடுங்கள். ரிசப்ஷனுக்கான ஸ்மோக்கி ஐ அதுவேதான். கன்னம் வரை வந்துவிட்டால் துடைக்கத்தான் வேண்டும். விளக்கெண்ணெய் சேர்த்து வீட்டில் செய்த மை எவ்வளவு பவுடர் போட்டாலும் இறங்கும். மஸ்காராவை 3 மாதத்தில் தூக்கிப் போடுங்கள், யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளையாகிக்கொண்டு வருகிறது. ஃபங்ஷனுக்குப் பெரிய பொட்டாக வைத்து மறைக்கலாமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கூடாது. இன்றோடு ஸ்டிக்கரை நிறுத்துங்கள். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் செல்களை அது அழிக்கக்கூடியது. அரிப்பு வந்துதான் வெளுக்க வேண்டும் என்றில்லை, சத்தமில்லாமலும் வெளுக்கும். தோல் மருத்துவரை இப்போதே பாருங்கள்; சின்னதாக இருக்கும்போது போவது நல்லது. அவர் பார்த்துச் சொல்லும் வரை அந்த இடத்தில் திரவப் பொட்டு, கன்சீலர் எதுவும் வேண்டாம். தோலில் பிரச்சினை இல்லாதவர்கள் ஸ்டிக்கரைத் தவிர்க்க நினைத்தால், தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை ஐ லைனரில் தொட்டு வைத்தால் கச்சிதமான வட்டம் விழும்.

கேள்வி: லிப்ஸ்டிக் பந்தியில் காணாமல் போய்விடுகிறது.
(வாசகி, வேலூர்)

பதில்: நெய்யும் எண்ணெயும் எந்த லிப்ஸ்டிக்கையும் கரைக்கும். ஒரு கோட் போட்டு டிஷ்யூவில் ஒற்றி, மேலே இன்னொரு கோட் போட்டால் கொஞ்சம் தாங்கும். மற்றபடி சாப்பிட்டு முடித்து, உதட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: நரை தெரிகிறது. ஃபங்ஷன் அன்று காலை டை அடிக்கலாமா?
(வாசகி, நெல்லை)

பதில்: புது டை என்றால் காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகுதான். அன்றைக்கு வகிட்டு நரையை மறைக்கும் பவுடரே போதும்.

கேள்வி: ராத்திரி 12 மணிக்கு வீடு வருகிறேன். அப்படியே படுத்துவிடலாமா?
(வாசகி, ஓசூர்)

பதில்: 5 நிமிஷ வேலைதான். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கண்ணின் மேல் 20 விநாடி வைத்திருந்து கீழ்நோக்கித் துடைத்தால் மை வந்துவிடும். பிறகு ஃபேஸ் வாஷ். பூவை எடுத்துவிட்டு, கொண்டைக்கு எத்தனை ஊசி குத்தினீர்களோ அத்தனையையும் எண்ணி எடுங்கள். ஒன்று குறைந்தால் அது இன்னும் தலையில்தான் இருக்கிறது.