விசாரிச்சுச் சொல்லுறன்

அன்புள்ள ஐயா,

யுத்தகாலத்தில் காணாமற்போன என் தம்பிக்குத் திவசம் செய்யலாமா என்று எங்கள் கோயில் குருக்கள் ஐயாவிடம் அம்மா கேட்டா. "விசாரிச்சுச் சொல்லுறன்" என்றார். நாலைந்து நாள் கழித்துப் போனைப் பார்த்துப் பார்த்துத்தான் விளக்கம் சொன்னார். அம்மாவுக்கு மனம் விட்டுப்போயிற்று. படித்த குருமாரும் இப்படித் தேடித்தான் எங்களுக்குச் சொல்கிறார்களா?

வாசகி, உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள வாசகிக்கு,

உடனே பதில் சொல்லாத அந்தக் குருக்களை நான் மதிக்கிறேன். திவசத்துக்குத் திதி வேண்டும். என்ன நடந்ததென்றே தெரியாத பிள்ளைக்கு எந்தத் திதியை எடுப்பது? உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யும் முறை உண்டு. அதைப் புத்தகத்தில் எடுத்துவிடலாம். மகன் திரும்பி வருவான் என்று காத்திருக்கும் தாயிடம் அதைச் சொல்லலாமா, எப்போது சொல்லலாம் என்பதை இன்னொரு மூத்த குருக்களிடம்தான் கேட்கவேண்டும். போனில் அவர் பார்த்தது அப்படி ஒருவர் அனுப்பிய பதிலாகவும் இருக்கலாம்.

கிறிஸ்தவப் போதகர்கள் தகவல் தேடும் விதத்தை டொனால்ட் விக்ஸ் ஆராய்ந்து 1999 இல் எழுதினார். பிரசங்கி, ஆறுதல் சொல்பவர், நிர்வாகி என்று ஒரே ஆள் மூன்று வேலை பார்க்கிறார் என்பதை வைத்தே அவர் ஆய்வு நகர்கிறது. நம்மூரிலும் அப்படித்தான். ஞாயிறு வாசகத்துக்கு விளக்கம் தேடும் பாதர் தன் அலுமாரிக்குப் போவார். கூரை திருத்தக் காசு தேடும்போது அதே பாதர் பத்துப் பேருக்குப் போன் எடுப்பார். செத்தவீட்டில் இரண்டும் உதவாது. அந்தக் குடும்பத்தைத் தெரிந்திருக்கவேண்டும்.

பிறை விடயத்தில் முஸ்லிம்கள் வைத்திருக்கும் ஒழுங்கை நான் எப்போதும் வியந்து பார்ப்பேன். கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒருவர் பிறை கண்டால், கண்டது யார் என்ற கேள்வி முதலில் வரும். தகவல் கொழும்புப் பெரிய பள்ளிவாசலுக்குப் போகும். அங்கே உலமாக்கள் கூடி, சாட்சியை விசாரித்த பிறகுதான் நாடு முழுக்க அறிவிப்பு. சைவர்களிடம் வாக்கியம், திருக்கணிதம் என இரண்டு பஞ்சாங்கம் இருப்பதால் திதி நேரம் சில வேளை மாறும். எதைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு நாள் வைக்கும் குருக்களிடம் குழப்பம் வராது.

எனக்குப் பயம் வேறிடத்தில். வட்ஸ்அப்பில் பேர் ஊர் இல்லாமல் வரும் குரல் பதிவைக் கேட்டுவிட்டு, அதையே சாத்திரம் என்று மேடையில் சொல்பவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். மூன்று மொழி, நாலு மதம் நெருங்கி வாழும் திருகோணமலையில் அப்படி ஒரு பேச்சு எவ்வளவு கேடு செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே "ஐயா, ஆரிட்டக் கேட்டனீங்கள்?" என்று அம்மாவையே மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல குரு அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

இன்னொன்று. காணி, வங்கி அலுவலுக்கென்று மரணச் சான்றிதழ் எடுக்கும்படி யாராவது அம்மாவை அவசரப்படுத்தினால் பொறுக்கச் சொல்லுங்கள். 2016 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, இறந்ததாகப் பதியாமல், காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெற இடமுண்டு. குருக்கள் ஐயாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். இதே கேள்வியோடு அவரிடம் வேறு அம்மாக்களும் வருவார்கள்.