நான்கு மாத்திரையா, இட்லியோடு ஒரு மாத்திரையா?

புற்றுநோய்: டாக்டர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: எவ்வளவு மருந்து, எத்தனை நாள்? முப்பது வருடம் கீமோ வார்டில் வேலை பார்த்தவள் நான். முதல் பத்து வருடம் அந்தக் கேள்வி எனக்கே தோன்றியதில்லை. அட்டையில் அச்சடித்த அளவை அப்படியே எழுதிக் கொடுத்தேன். அதனால் இந்த முறை இந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. அபிராடெரோன் 250 மில்லிகிராம், தினம் நான்கு மாத்திரை, வெறும் வயிற்றில் போடச் சொன்னார்கள். இன்னொரு டாக்டரிடம் காட்டியபோது, "ஒரே மாத்திரை, காலை இட்லியோடு போடுங்கள், போதும்" என்கிறார். காசுக்காக அப்பாவின் வைத்தியத்தைக் குறைக்கிறோமோ என்று தூக்கம் வரவில்லை. - வாசகர், கரூர்

பதில்: இரண்டாவது டாக்டர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

அபிராடெரோன் தண்ணீரில் சுலபமாகக் கரையாது. வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியே போய்விடும். கொழுப்பு குறைந்த உணவோடு போட்டால் சுமார் ஐந்து மடங்கு சேரும், கொழுப்பு அதிகமான சாப்பாட்டோடு போட்டால் பத்து மடங்கு வரை போகும். ஒவ்வொருவர் தட்டும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் அல்லவா? அந்த ஏற்ற இறக்கத்தைத் தவிர்க்கத்தான் 2011-ல் மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது வெறும் வயிறு என்று விதி வைத்தார்கள். நான்கு மாத்திரை வாங்கி, அதில் பெரும்பங்கைக் கழிவறைக்கு அனுப்பும் விதி அது.

சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். 72 நோயாளிகள். பாதிப் பேருக்கு வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம், மீதிப் பேருக்குக் கொழுப்பு குறைந்த காலை உணவோடு 250. பன்னிரண்டு வாரத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் நோயின் போக்கைக் காட்டும் ரத்தச் சோதனை) இறங்கிய அளவில் ஒரு மாத்திரைக்காரர்கள் பின்தங்கவில்லை. முடிவு 2018-ல் வெளிவந்தது. அமெரிக்கப் புற்றுநோய் வழிகாட்டு நெறிகளிலும் இது ஒரு வழியாக இடம்பெற்றிருக்கிறது. 72 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அளந்ததும் பிஎஸ்ஏவைத்தான், ஆயுளை அல்ல. இதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள்.

என்னிடம் வந்த ஒரு பெரியவரின் மனைவி கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். "திங்கள், இட்லி மூன்று. செவ்வாய், இட்லி மூன்று. புதன், பூரி, பேரன் பிறந்தநாள்." அந்தப் புதனைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "பரவாயில்லையா டாக்டர்?" என்று கேட்டார். ஒரு நாள் பூரியால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அவர் பயந்தது சரியான இடத்தில்தான். இந்த முறையில் சாப்பாடும் மருந்தின் ஒரு பகுதி. தினமும் அதே நேரம், ஏறக்குறைய அதே உணவு. இட்லி, இடியாப்பம், சாம்பார் சரி. நெய்ப் பொங்கல், பூரி, கெட்டித் தேங்காய்ச் சட்னி வேண்டாம்.

கூடக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தக்கூடாது. ரத்த அழுத்தம், பொட்டாசியம், கல்லீரல் சோதனைகளும் வழக்கம்போல நடக்க வேண்டும். நான்கு மாத்திரையைச் சாப்பாட்டோடு போடும் தவறு மட்டும் நடந்துவிடவே கூடாது. எந்த முறை என்பதை ஒரே டாக்டரிடம் தீர்மானித்து, அவரிடமே பிஎஸ்ஏ பார்த்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: அக்கா வீட்டுக்காரருக்குக் கன்னத்தில் புற்றுநோய். ஆபரேஷன், ரேடியேஷன் முடிந்து எட்டு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. நிவோலுமாப் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் போடலாம் என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர், "இங்கே 240 போடுகிறார்கள், 20 எல்லாம் ஏழைகளுக்கான வைத்தியம்" என்கிறார். அக்கா அழுகிறாள். - வாசகி, திண்டுக்கல்

பதில்: அக்காவிடம் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள்.

நம் ரத்தத்தில் நோயோடு போராடும் டி செல்களின் மேல் பிடி-1 என்று ஒரு புரதம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் புற்றுநோய் அந்தச் செல்களை அடக்கி வைக்கிறது. அதைக் கண்டுபிடித்த ஜப்பானியர் தசுகு ஹோன்ஜோவுக்கு 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. நிவோலுமாப் அந்தப் பிடி-1 மேல் போய் உட்கார்ந்து, புற்றுநோய்க்கு இடம் இல்லாமல் செய்கிறது. கல்யாண மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்த பிறகு இன்னும் நூறு பேர் வந்தாலும் நிற்கத்தான் வேண்டும். இந்த மருந்திலும் நாற்காலிகள் மிகக் குறைந்த அளவிலேயே நிறைந்துவிடுவது ஆரம்பகாலச் சோதனைகளிலேயே தெரிந்தது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் இதை நோயாளிகளிடமே சோதித்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேர். எல்லோருக்கும் மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லோடினிப் என்ற மூன்று மாத்திரைகள். அதில் 76 பேருக்கு மட்டும் கூடுதலாக அந்த 20 மில்லிகிராம் ஊசி. ஒரு வருடம் கழித்து, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 16 பேர் உயிரோடு இருந்தார்கள். ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் நூற்றுக்கு 43 பேர். சராசரியாகக் கிடைத்த ஆயுள் ஆறே முக்கால் மாதத்திலிருந்து பத்து மாதமானது. இது பூரண குணம் இல்லை, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த 43-க்கும் 16-க்கும் நடுவில் இருக்கிறவர்கள் எத்தனையோ வீட்டு அப்பாக்கள்.

இந்த ஆய்வில் 20-ஐயும் 240-ஐயும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கவில்லை. மருத்துவர்களுக்குள் நடக்கும் வாதமே அங்கேதான். இரண்டும் சமம் என்று நிரூபணமாகும் வரை முழு அளவுதான் அங்கீகரித்த அளவு என்கிறது ஒரு தரப்பு. முழு அளவு வாங்க முடிகிற குடும்பத்துக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் உங்களைப் போன்ற பெரும்பாலான வீடுகளில் 20-க்கு மாற்று 240 இல்லை, வெறுங்கைதான். ஊசி இல்லாத மாத்திரைகளுக்கு எதிராக 20 ஜெயித்திருக்கிறது. "ஏழைகளுக்கான வைத்தியம்" என்ற வார்த்தையை அந்த உறவினர் திரும்பப் பெற வேண்டும். முறையான ஆய்வில் பிறந்த வைத்தியம் இது.

அந்த நேரடி ஒப்பீட்டைச் செய்ய மருந்துக் கம்பெனிக்கு என்ன அவசரம்? பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்து போதும் என்று தெரிந்தால் நஷ்டம் யாருக்கு? அதனால் இதற்கு அரசுப் பணம்தான் வேண்டும், இதை நான் போகும் கூட்டங்களில் எல்லாம் சொல்லி வருகிறேன். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏகூட 2021 முதல், புதிய புற்றுநோய் மருந்துக்குத் தாங்கக்கூடிய உச்ச அளவைத் தேடாமல் சரியான அளவைத் தேடுங்கள் என்று கம்பெனிகளை வற்புறுத்துகிறது.

இப்போது கை வேலைக்கு வருவோம். மருந்தின் சிறிய குப்பி 40 மில்லிகிராமில் வரும். ஒரே நாளில் இரண்டு பேருக்குத் தேதி கொடுத்தால் ஒரு குப்பியைப் பங்கிடலாம். தேதி தவறினால் மற்றவருக்கும் கஷ்டம், குறித்த நாளில் போய்விடுங்கள். அடுத்தது மிக முக்கியம்: ஊசியோடு அந்த மூன்று மாத்திரைகளும் கொடுத்தால், மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போட்டு உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தினசரி காலண்டரில் அந்தக் கிழமையை மட்டும் வட்டமிட்டு, மாத்திரையை அக்கா தன் கையால் எடுத்துக் கொடுக்கட்டும். குறைந்த அளவு ஊசியிலும் பக்கவிளைவு வரும். வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல் வந்தால், ஊசி போட்டு மாதங்கள் ஆகியிருந்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

கேள்வி: "ஒரே மருந்தில் நூற்றுக்கு நூறு பேருக்கும் புற்றுநோய் மறைந்தது" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. என் தம்பிக்கு மலக்குடலில் புற்றுநோய். இது நிஜமா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: நிஜம். மருந்தின் பெயர் டோஸ்டார்லிமாப். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், ஆறு மாதச் சிகிச்சையை முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி மறைந்ததாக 2022-ல் அறிவித்தார்கள். ஆபரேஷனோ ரேடியேஷனோ தேவைப்படவில்லை. 2025-ல் அந்த எண்ணிக்கை 49 ஆனது, 49 பேருக்கும் அதே பலன். படித்த அன்று நான் எழுந்து நின்றேன். வயிற்றில் மலப்பை கட்டிக்கொண்டு வாழும் இளைஞர்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் அவர்கள் எல்லோருக்கும் இருந்தது ஒரு தனி வகை. டிஎன்ஏ பிழையைத் திருத்தும் புரதங்கள் வேலை செய்யாத கட்டி அது. மலக்குடல் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் இந்த வகை. தம்பியின் கட்டி அந்த வகையா என்று பார்க்க, எடுத்து வைத்திருக்கும் பயாப்ஸித் துண்டிலேயே "எம்எம்ஆர் சோதனை" செய்யலாம். ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டூஸுமாப் 18 ஊசி என்றார்கள். பத்து முடிந்தது. எக்கோவில் இதயம் பலவீனம் என்று நிறுத்திவிட்டார்கள். பாதியில் விட்டதால் திரும்ப வருமா? - வாசகி, வேலூர்

பதில்: 18 ஊசி என்பது ஒரு வருட அளவு. பத்து போட்டதில் நீங்கள் ஆறு மாத அளவைத் தாண்டிவிட்டீர்கள் அம்மா. பிரிட்டனில் 4,089 பெண்களை ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று பிரித்துப் பார்த்தார்கள். நான்கு வருடம் கழித்து நோய் இல்லாமல் இருந்தவர்கள் 89.4 சதவீதம், 89.8 சதவீதம். இதயக் கோளாறால் ஊசியை நிறுத்த வேண்டி வந்தவர்கள் ஆறு மாதக் குழுவில் 3 சதவீதம், ஒரு வருடக் குழுவில் 8. பிரான்ஸில் நடந்த ஆய்வால் இதை உறுதி செய்ய முடியவில்லை. அதனால் இன்றும் பொது விதி ஒரு வருடச் சிகிச்சைதான். உங்கள் டாக்டர் இதயத்தைக் காப்பாற்ற நிறுத்தியது சரியான முடிவு. இதய மருத்துவரைப் பாருங்கள். எக்கோ தேறினால் மீதி ஊசியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கேள்வி: 13 வயது மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி. இரண்டு தவணை என்கிறார் ஒருவர், ஒன்றே போதும் என்கிறார் இன்னொருவர். - வாசகி, பழனி

பதில்: இந்தப் பதிலில் உங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் பங்கு உண்டு. ஹெச்பிவி என்ற வைரஸுக்கு எதிரான இந்தத் தடுப்பூசிக்கு எத்தனை தவணை வேண்டும் என்று இந்தியாவின் பல இடங்களில் ஆய்வு நடந்தது, அதில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. 2010-ல் தடுப்பூசி ஆய்வுகளை அரசு நிறுத்தச் சொன்னதால், சுமார் 5,000 சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து வருடம் கழித்தும், புற்றுநோயை உண்டாக்கும் 16, 18 வகை வைரஸ் உடம்பில் நிலைத்துவிடாமல் அந்த ஒரு ஊசி 95 சதவீதம் காத்திருந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒரு தவணையும் ஏற்கத்தக்கது என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டோ மூன்றோ தவணை வேண்டும். உங்கள் மகள் ஆரோக்கியமாக இருந்தால் இந்த விடுமுறையிலேயே ஒன்றைப் போட்டுவிடுங்கள். போட்ட தேதியை அவளுடைய தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.