கல்ச்சரில் கிருமி இல்லை என்றால் ரத்தத்திலும் இல்லையா?

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துவரும் என் அம்மாவுக்கு நாக்கில் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. கருப்புப் பூஞ்சையாக இருந்து ரத்தத்தில் கலந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. முன்பு ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்த பிளட் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி இல்லை என்றுதான் வந்தது. போன வாரம் கையிலுள்ள மருந்துக் குழாயைக் கழுவிவிட்ட பிறகு நடுக்கத்துடன் காய்ச்சல் வந்து, மெடிக்கலில் வாங்கிய பூஞ்சை மாத்திரை, பாராசிட்டமாலுக்கு அடங்கியது.
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நாக்கின் வெண்படலம் கீமோ எடுப்பவர்களுக்கு அடிக்கடி வருவது, மருத்துவரிடம் காட்டினால் மருந்தில் சரியாகிவிடும். 2021இல் எல்லோரையும் நடுங்கவைத்த கருப்புப் பூஞ்சை பெரும்பாலும் மூக்கிலும் சைனஸிலும் தொடங்குவது. அதைப் பற்றிய வீடியோக்களைப் பார்ப்பவராக இருந்தால், அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, குழாயைக் கழுவியதும் வந்த நடுக்கம், அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. குழாயின் உட்சுவரில் பாக்டீரியாவோ, கேண்டிடா என்னும் பூஞ்சையோ படிந்திருந்தால், கழுவும் நீரோடு அது நேராக ரத்தத்தில் இறங்கி, சிறிது நேரத்தில் பல் கிட்டுகிற அளவுக்குக் குளிரெடுக்கும்.

கல்ச்சர் ரிப்போர்ட்டை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முதலாவதாக, அது இந்தக் காய்ச்சலுக்கு முன்பு எடுத்தது. இரண்டாவதாக, உடலுக்குள் கேண்டிடா பரவியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கல்ச்சர் அதைக் காட்டுவதில்லை. ஆகவே காய்ச்சல் வந்த வேளையில் குழாயிலிருந்து ஒன்றும் கைநரம்பிலிருந்து ஒன்றுமாகப் போதிய அளவு ரத்தம் எடுத்து, புட்டிகளை ஐந்து நாள் வைத்துப் பார்க்கிறோம். குழாய் ரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் குழாய்தான் ஊற்றுக்கண் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பூஞ்சையின் சுவரிலுள்ள பீட்டா-டி-குளுக்கான் என்ற பொருளை ரத்தத்தில் தேடும் பரிசோதனையும் உண்டு. வேறு காரணங்களாலும் அது பாசிட்டிவ் ஆகலாம் என்பதால், அதை மட்டும் வைத்து நாங்கள் முடிவெடுப்பதில்லை.

இத்தனை கவனமாகத் தேடவேண்டிய ஒன்றை, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு மாத்திரை மறைத்துவிடக்கூடும்! சில கேண்டிடா வகைகள் அந்த மாத்திரைக்குக் கட்டுப்படுவதே இல்லை. கட்டுப்படும் வகையும் அரைகுறையாக அடங்கி, கல்ச்சரில் வளராமல் போகலாம். தயவுசெய்து இனி இதைச் செய்யாதீர்கள்.

100.4 டிகிரியைத் தொட்டாலோ, நடுக்கம் வந்தாலோ, விடியட்டும், முதல் பஸ்ஸுக்குப் பாளையங்கோட்டை போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். நடுராத்திரியானாலும் உடனே கிளம்புங்கள். இப்போது காய்ச்சல் இல்லாவிட்டாலும், மாத்திரை அட்டையோடு இன்றே சிகிச்சை தரும் மருத்துவரைப் பார்த்து அந்த நடுக்கத்தைச் சொல்லுங்கள். அவர் பார்க்கும்வரை அந்தக் குழாயில் எதையும் செலுத்த வேண்டாம்.